கைக்கேற்ற வரைபலகை



சென்ற கோடை விடுமுறையில் என் அண்ணன் மகன் என்னைக் காண வந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன். நிழற்படக் கலையில் பெருவிருப்பு உடையவன். திருமண வீடுகளில் படம் எடுக்கும் ஒருவருக்கு உதவியாளனாகச் சென்று, சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவன் கையில் இருந்தது. "சித்தப்பா, படங்களைத் திருத்துவதற்கு ஒரு கிராபிக்ஸ் டேப்லெட் வாங்கப் போகிறேன். எதை வாங்கலாம் என்று நீங்கள்தாம் சொல்ல வேண்டும்" என்றான். சொல்லிவிட்டு ஒரு தாளை என் முன் விரித்தான். அதில் பதினொரு பலகைகளின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எண்களின் அணிவகுப்பு! 8192 என்றும், 16384 என்றும், 5080 என்றும் எழுதியிருந்ததைக் கண்டபோது, வானநூற் கணக்கு ஒன்றைப் பார்ப்பது போலவே எனக்குத் தோன்றியது. "எந்த எண் பெரியதோ அதுவே சிறந்த பலகை என்று கடைக்காரர் சொல்கிறார்" என்றான்.

நான் சிரித்தேன். அவனை எண்ணிச் சிரிக்கவில்லை. என்னையே எண்ணிச் சிரித்தேன். நானும் ஒரு காலத்தில் எண்ணைப் பார்த்துப் பொருள் வாங்கியவன்; வாங்கிய பின் வருந்தியவன். அன்று அவனுக்குச் சொன்ன செய்திகளையே இன்று உங்களுக்கும் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். நிழற்படம் எடுப்பதும் திருத்துவதும் இன்று மாணவர் பலருக்கு விருப்பமாகவும், சிலருக்குப் பிழைக்கும் வழியாகவும் அமைந்துவிட்டன. அரும்பாடுபட்டுச் சேர்த்த பணம் வீண்போகாமல் இருக்க வேண்டும் அல்லவா?

கிராபிக்ஸ் டேப்லெட் என்று கடைகளில் வழங்கும் இப்பொருளை நான் வரைபலகை என்று குறிப்பிடப் போகிறேன். பார்ப்பதற்குப் பள்ளிப் பிள்ளையின் சிலேட்டைப் போன்று இருக்கும். ஆனால் எழுதினால் அதன்மேல் ஒன்றும் தோன்றாது. அதற்கென அமைந்த பேனாவால் பலகையின்மேல் கோடு இழுத்தால், கணிப்பொறியின் திரையில் அக்கோடு தோன்றும். மெல்லத் தொட்டால் மெல்லிய கோடு. அழுத்தித் தொட்டால் அழுத்தமான கோடு. இதுவே அதன் சிறப்பு.

கணிப்பொறியோடு நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் சுட்டெலி, அதாவது மௌஸ், இருக்க இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சுட்டெலிக்குத் தெரிந்தவை இரண்டே சொற்கள்: பொத்தான் அழுந்தியது, அழுந்தவில்லை. உண்டு, இல்லை என்ற அவ்விரண்டுக்கும் நடுவே அதற்கு ஒன்றும் தெரியாது. படத்தைத் திருத்தும் வேலையோ முழுவதும் அந்த நடுவில்தான் நடைபெறுகிறது. ஒரு கன்னத்தின் நிழலைச் சற்றே வெளுக்க வேண்டும். ஒரு வானத்தின் ஓரத்தைச் சற்றே இருட்ட வேண்டும். சற்றே என்ற இச்சொல்லைச் சுட்டெலிக்கு உணர்த்த வேண்டுமானால், ஒவ்வொரு தொடுதலுக்கும் முன்னர் தூரிகையின் அளவையும் அடர்த்தியையும் நாமே எண்ணால் மாற்றி மாற்றி அமைத்துக்கொண்டிருக்க வேண்டும். இயலாதது அன்று, ஆனால் பொறுமை உள்ளவர்க்கும் மணிக்கட்டு நோகும்.

இந்தச் 'சற்றே' என்பதன் அருமையை நான் என் தாய்மாமனிடம் கண்டேன். அவர் ஒரு நிழற்பட நிலையத்தில் முப்பது ஆண்டுகள் 'டச்சப்' வேலை செய்தவர். கணிப்பொறி வீடுகளுக்கு வராத காலம் அது. சாய்ந்த மேசை ஒன்றில் பால்நிறக் கண்ணாடி பதித்திருக்கும். அதன் பின்னிருந்து ஒளி வரும். முகம் பதிந்த நெகடிவை அக்கண்ணாடிமேல் பொருத்திக்கொண்டு, ஊசிபோல் நீளச் சீவி, உப்புத்தாளில் தீட்டிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார். நெகடிவில் இருளும் ஒளியும் தலைகீழாக இருக்கும் அல்லவா? படத்தில் கருமையாக விழும் சுருக்கம், நெகடிவில் வெளிறித் தெரியும். அந்த வெளிறிய இடத்தைப் பென்சில் கரியால் நிரப்பினால், அச்சிட்ட படத்தில் சுருக்கம் மறைந்து தோல் தெளிந்துவிடும். சிறுவனாகிய நான் அருகில் நின்று பார்ப்பேன். அவர் ஒன்று மட்டும் சொல்வார்: "தம்பி, அழுத்தினால் கெட்டது. பென்சிலின் கனமே போதும். கையின் கனம் வேண்டா."

நல்ல வரைபலகை என்பது எது? மாமாவின் பென்சிலைப் போல, கையின் கனம் இல்லாத தொடுதலையும் உணர்ந்துகொள்வதே நல்ல வரைபலகை. நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான். மற்றவையெல்லாம் இதன் விரிவே.

இப்பலகை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்துகொண்டால், தேர்ந்தெடுப்பது எளிதாகும். வானொலியில் பேசும்போது இதனை விளக்குவது மிகப் பொருத்தமானதே. நிலையம் ஒன்றைக் கேட்பதற்குப் பழைய வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகியவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களுள் இருப்பார்கள். குமிழைத் திருகும்போது பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கியின் அளவு மாறுகிறது. மாறிவரும்போது, ஒரு குறிப்பிட்ட அலைக்கு மட்டும் பெட்டி இசைந்து அதிர்கிறது. இதனை ஒத்ததிர்வு என்பர். வரைபலகைப் பேனாவுக்குள்ளும் ஒரு கம்பிச்சுருளும் ஒரு மின்தேக்கியும் உள்ளன. பலகையின் அடியில் கம்பிகள் பின்னலாக ஓடுகின்றன. அக்கம்பிகள் மெல்லிய மின்காந்த அலையை அனுப்புகின்றன. பேனாவின் சுருள் அதற்கு இசைந்து அதிர்கிறது. உடனே பலகை பேசுவதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்குகிறது. பேனாவின் மறுமொழி எந்தக் கம்பிகளில் வலுவாகக் கேட்கிறதோ, அங்கே பேனா இருக்கிறது என்று அறிகிறது. பேனாவின் முள் அழுந்தும்போது அதன் இசைவு சிறிது மாறுகிறது. அந்த மாற்றமே அழுத்தத்தின் அளவு. இந்தப் பேச்சும் மறுமொழியும் ஒரு நொடியில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை நடைபெறுகின்றன. பேனாவுக்குத் தனியாக மின்கலம் வேண்டியதில்லை. பலகை அனுப்பும் அலையே அதற்கு உணவு.

எழுதும் கையைக் கருவி பின்பற்ற வேண்டும் என்ற ஆசை மனிதனுக்குப் பழமையானது. 1888-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான எலிஷா கிரே, ஒருவர் எழுதுவதைத் தொலைவில் உள்ள மற்றொரு பேனா அப்படியே எழுதிக்காட்டும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1964-இல் கலிபோர்னியாவில் உள்ள ராண்டு நிறுவனத்தார் கணிப்பொறிக்கென ஒரு பலகையை வெளியிட்டனர். ஏறத்தாழ 10 அங்குலச் சதுரமான அப்பலகை, தன்மேல் பத்து லட்சம் இடங்களைப் பிரித்தறிய வல்லது. ஜப்பானில் 1983-இல் தொடங்கப்பெற்ற வேக்கம் நிறுவனம், கம்பியும் மின்கலமும் இல்லாத பேனாவை அப்பத்தாண்டிலேயே கொணர்ந்தது. போட்டோஷாப் என்னும் படத்திருத்த மென்பொருள் 1990-இல் வெளிவந்தது. பேனாவும் மென்பொருளும் ஒன்றையொன்று சந்தித்த பின்னர், நிழற்படக்காரரின் இருட்டறை மேசைமேல் வந்து அமர்ந்துவிட்டது. இன்று ஹூயான், எக்ஸ்பி-பென் முதலிய சீன நிறுவனங்களும் மின்கலம் இல்லாத பேனாவோடு பலகைகளைச் செய்கின்றன. ஆகவே ஒரே பெயரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டிய காலம் போய்விட்டது.

இனி, என் அண்ணன் மகன் தாளில் எழுதிவந்த எண்களுக்கு வருவோம்.

முதல் எண் அழுத்தப் படிகளைக் குறிப்பது. பலகைகள் 2048, 4096, 8192, 16384 என்று இரண்டின் மடங்குகளாக இதனை விளம்பரம் செய்கின்றன. மெல்லிய தொடுதலுக்கும் முழு அழுத்தத்திற்கும் இடையே எத்தனை படிகளைப் பலகை பிரித்தறியும் என்பதே இதன் பொருள். எண் பெரிதாகப் பெரிதாக வேலை நயமாகுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாம் வழக்கமாகக் கையாளும் 8 பிட் படத்தில், ஒவ்வொரு நிறத்திற்கும் இருளிலிருந்து ஒளிவரை 256 படிகளே உள்ளன. 2048 படிகள் உள்ள பலகையில், படத்தின் ஒரு படிக்கு எட்டு அழுத்தப் படிகள். 8192 உள்ள பலகையில் முப்பத்திரண்டு. 16384 உள்ள பலகையில் அறுபத்து நான்கு. 16 பிட் படங்களில் படிகள் மிகப் பல என்பது உண்மையே. ஆயினும் பேனாவைப் பிடித்திருப்பது மனிதனுடைய கை. அந்தக் கை தன் அழுத்தத்தைப் பதினாறாயிரம் கூறுகளாகப் பிரித்து வழங்க வல்லதோ? இல்லை. எனவே 2048-க்கு மேற்பட்ட எண்ணுக்காக ஒருவர் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

அழுத்தத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று உண்டு. எவ்வளவு மெல்லிய தொடுதலில் கோடு தொடங்குகிறது? சில பேனாக்கள் சற்றே ஊன்றினால்தான் விழித்துக்கொள்ளும். சில, தாளின்மேல் மயிலிறகு படிவதுபோல் பட்டாலும் உணர்ந்துகொள்ளும். படிகளின் எண்ணிக்கையில் இது தெரியாது. கடையில் பேனாவைக் கையில் எடுத்து எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது எண் நுண்மையைக் குறிப்பது. ஓர் அங்குலத்தில் 2540 கோடுகள் என்றும், 5080 கோடுகள் என்றும் எழுதியிருப்பார்கள். மில்லிமீட்டர்க் கணக்கில் பார்த்தால் முறையே 100, 200 என்று ஆகும். 6 அங்குல அகலமுள்ள ஒரு சிறிய பலகையில், அங்குலத்திற்கு 2540 வீதம், 15240 இடங்கள் கிடைக்கின்றன. பெரும்பாலான மடிக்கணினிகளின் திரையில் அகலவாட்டில் இருப்பன 1920 படப்புள்ளிகள். ஆகத் திரையின் ஒரு புள்ளிக்குப் பலகையில் ஏறத்தாழ எட்டு இடங்கள்! இதுவே வேண்டியதற்கு மேல். இன்னும் இரட்டிப்பாக இருந்தால் கேடொன்றும் இல்லை. பயனும் பெரிதாக இல்லை.

மூன்றாவதாகப் பேனாவின் சாய்வை உணரும் ஆற்றல். 60 பாகை வரை சாய்வை அறியும் என்று விளம்பரம் செய்வார்கள். கரித்துண்டால் தீட்டுவதுபோல் ஓவியம் வரைவோர்க்கு அது பயன்படும். படங்களைத் திருத்துவோருக்கு அது பெரும்பாலும் வேண்டியிராது. இருந்தால் இருக்கட்டும், அதற்கென விலை கூடினால் வேண்டா என்க.

இனி வருவதே தலையாய கேள்வி. பலகை எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? நான் ஏமாந்த இடமும் இதுவே.

சுட்டெலிக்கும் பலகைக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. சுட்டெலியைத் தூக்கி வேறிடத்தில் வைத்தால், திரையில் உள்ள குறி நின்ற இடத்திலேயே நிற்கும். பலகையில் அவ்வாறு அன்று. பலகையின் ஒவ்வோர் இடத்திற்கும் திரையில் ஓர் இடம் உண்டு. பலகையின் இடது மூலை திரையின் இடது மூலை, பலகையின் நடு திரையின் நடு. ஆகவே சிறிய பலகை பெரிய திரையோடு சேரும்போது, கையின் சிறு அசைவு திரையில் பெரிய அசைவாகிறது.

சந்தையில் வழங்கும் பலகைகளின் செயற்பரப்பு, அதாவது பேனாவை உணரும் பரப்பு, நிறுவனத்திற்கு நிறுவனம் சிறிது வேறுபடும். சிறியது ஏறத்தாழ 152 மில்லிமீட்டர் அகலமும் 95 மில்லிமீட்டர் உயரமும் இருக்கும். நடுத்தரமானது 216 மில்லிமீட்டரும் 135 மில்லிமீட்டரும். பெரியது 300 மில்லிமீட்டர் அகலத்தையும் கடந்தது. 24 அங்குலத் திரையின் அகலம் 531 மில்லிமீட்டர். இத்திரையோடு சிறிய பலகையை இணைத்தால், கை ஒரு மில்லிமீட்டர் நகரும்போது திரையில் குறி மூன்றரை மில்லிமீட்டர் நகரும். நடுத்தரப் பலகையில் அது ஏறத்தாழ இரண்டரையாகக் குறையும். மடிக்கணினியின் 15.6 அங்குலத் திரையோ 345 மில்லிமீட்டர் அகலமே உடையது. அதற்குச் சிறிய பலகையே இரண்டேகால் மடங்கு என்ற அளவில் அமைந்துவிடுகிறது. இரண்டு மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரை இருப்பது படத்திருத்த வேலைக்கு இணக்கமானது என்பது என் அனுபவம்.

அப்படியானால் ஒன்றுக்கு ஒன்றாகவே அமையும்படி மிகப் பெரிய பலகையை வாங்கிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கடையில் இருந்தவற்றுள் பெரியதையே வாங்கி வந்தேன். விளிம்புகளோடு சேர்த்து அது என் மேசையில் பாதியை விழுங்கிவிட்டது. விசைப்பலகைக்கு இடம் இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டேன். திரையின் ஒரு மூலையில் இருக்கும் கருவியை எடுத்துவந்து, நடுவில் ஒரு புள்ளியைத் திருத்தி, மீண்டும் மூலைக்குச் செல்வது என்பது படத்திருத்தத்தில் ஒரு மணி நேரத்தில் பல நூறு முறை நடக்கும். ஒவ்வொரு முறையும் என் கை தோளிலிருந்து நீண்டு மீள வேண்டியிருந்தது. பத்து நாட்களில் தோள்வலி வந்து சேர்ந்தது. குற்றம் பலகையுடையது அன்று. பெரிய வீச்சில் கோடு இழுக்கும் ஓவியருக்கு அது வரம். நிழற்படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒரு சிறு இடத்தில் புள்ளி வைக்கும் எனக்கு அது சுமை. என் மாமா தோளை அசைத்து வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. அவருடைய வேலை விரலிலும் மணிக்கட்டிலும் நடந்தது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்ற பழமொழியைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவன், கடையில் அதை மறந்துவிட்டேன்!

பெரிய பலகையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர் மனம் தளர வேண்டா. பலகையோடு வரும் டிரைவர் என்னும் இயக்கு மென்பொருளில், பலகையின் ஒரு பகுதியை மட்டும் திரைக்கு உரியதாக்கும் வசதி உண்டு. நான் பின்னர் அவ்வாறே செய்து, நடுவில் ஒரு சிறு பரப்பை மட்டும் பயன்படுத்தினேன். பெரிய வீடு வாங்கி ஓர் அறையில் குடியிருப்பது போன்றது அது. வலி நின்றது, செலவு நின்றபாடில்லை.

அளவோடு வடிவமும் ஒத்திருக்க வேண்டும். பெரும்பாலான திரைகளின் அகலமும் உயரமும் 16-க்கு 9 என்ற விகிதத்தில் உள்ளன. பலகைகள் பல 16-க்கு 10. இவற்றை அப்படியே பொருத்தினால், கையால் வட்டம் வரைய, திரையில் சற்றே தட்டையான வட்டம் தோன்றும். இயக்கு மென்பொருளில் விகிதத்தைக் காக்கும்படி ஓர் ஆணையிட்டால் இது தீரும். 152 மில்லிமீட்டர்ப் பலகையில் கீழே ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் பயனின்றிப் போகும், அவ்வளவே. இரண்டு திரைகள் வைத்திருப்பவர் பலகையை ஒரு திரைக்கு மட்டுமே உரியதாக்குவது நல்லது.

"திரையோடு கூடிய பலகையை வாங்கலாமா, சித்தப்பா? படத்தின்மேலேயே வரையலாமே" என்றும் அவன் கேட்டான். அவ்வகைப் பலகை கண்ணுக்கு இனியதுதான். ஆனால் விலை பல மடங்கு. மேலும், படத்திருத்தத்தில் நம் கையே படத்தை மறைக்கும்; குனிந்து குனிந்து கழுத்து நோகும். விலை குறைந்தவற்றில் நிறங்கள் உண்மையாகத் தோன்றாமலும் போகலாம். நிழற்படக்காரனுக்கு நிறம் பிழைத்தால் எல்லாம் பிழைத்தது. அதே பணத்தை நல்ல திரை ஒன்றில் செலவிட்டு, அதோடு ஓர் எளிய பலகையை வைத்துக்கொள்வது அறிவுடைமை. திரையைப் பார்த்துக்கொண்டு கீழே எழுதுவது முதல் சில நாட்கள் திகைப்பாக இருக்கும். தட்டச்சு கற்றவர்களும் ஆர்மோனியம் வாசிப்பவர்களும் விரலைப் பார்த்துக்கொண்டா இருக்கிறார்கள்? இரண்டு வாரம் பழகினால் கை தானே வழி அறிந்துகொள்ளும்.

கடைக்குச் செல்லும்போது செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் சில உண்டு. பலகைமேல் ஓர் அளவுகோலைச் சாய்வாக வைத்து, அதன் ஓரமாகப் பேனாவால் மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். கோடு நேராக வந்தால் நன்று. அலை அலையாக நெளிந்தால் அப்பலகை வேண்டா. பின்னர்ப் பேனாவின் கனத்தால் மட்டும் ஒரு கோடு இழுங்கள். அது தொடக்கத்திலிருந்தே தோன்றுகிறதா என்று காணுங்கள். மெலிந்து தொடங்கி, அழுந்தி, மீண்டும் மெலியும் கோடு ஒன்றை இழுங்கள். நடுவில் திடீரென்று பருத்தால் நல்லதன்று. பேனாவின் பக்கப்பொத்தான் விரல் தவறி அழுந்துகிறதா, பருமன் உங்கள் பிடிக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். இடக்கையர் பலகையைத் திருப்பி வைத்துக்கொள்ள முடிகிறதா என்று கேட்டறிய வேண்டும். பேனாவின் முள் தேயும் பொருள். மாற்று முட்கள் உடன் வருகின்றனவா, தனியே கிடைக்கின்றனவா என்பதையும் கேளுங்கள்.

எல்லாவற்றினும் மேலாக, உங்கள் கணிப்பொறிக்கு ஏற்ற இயக்கு மென்பொருள் அப்பலகைக்கு உண்டா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். விண்டோஸ், மேக் ஆகியவற்றுக்கு உண்டு. லினக்ஸ் பயன்படுத்துவோர் தனியே விசாரிக்க வேண்டும். ஒருவர் பயன்படுத்திய பழைய பலகையைக் குறைந்த விலைக்கு வாங்குவதும் மாணவர்க்கு நல்ல வழியே. அங்கும் இதே கேள்விதான்: பழைய பலகைக்குப் புதிய கணிப்பொறியில் இடம் உண்டா? போட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட இயலாதவர்கள் கிம்ப், கிருதா முதலிய இலவச மென்பொருள்களைக் கொண்டு தொடங்கலாம். பேனாவின் அழுத்தத்தை அவையும் அறியும்.

இவ்வளவும் சொன்ன பின்னர், அவன், "நீங்கள் எந்தப் படத்தைத் திருத்துவதற்காக முதன்முதலில் பலகை வாங்கினீர்கள்?" என்று கேட்டான். அதை உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன்.

என் தாயார் இளமையில் எடுத்துக்கொண்ட படம் ஒன்றே ஒன்று எங்களிடம் இருந்தது. மாமா வேலை பார்த்த நிலையத்தில் எடுத்தது. பெட்டியில் மடிந்து கிடந்ததால், நெற்றியிலிருந்து இடது கன்னத்தின் வழியாக ஒரு மடிப்புக்கோடு; ஆங்காங்கே பூஞ்சைப் புள்ளிகள். தாயார் மறைந்த ஆண்டில் அதனைக் கணிப்பொறியில் ஏற்றி, சுட்டெலியைக் கொண்டே திருத்தினேன். ஒரு வாரம் உழைத்தேன். மடிப்பு மறைந்தது, புள்ளிகள் மறைந்தன, முகம் பளிங்குபோல் ஆயிற்று. பெருமையோடு அக்காவிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அம்மா இல்லையே" என்றார். அப்போதுதான் கண்டேன். தாயாரின் கன்னங்களில் சிறுவயதில் வந்த அம்மையின் தழும்புகள் உண்டு. பூஞ்சைப் புள்ளியையும் அம்மைத் தழும்பையும் பிரித்தறியாமல், எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் வழித்துத் துடைத்துவிட்டேன்! கருவிக்குச் 'சற்றே' என்பது தெரியவில்லை; எனக்கோ எங்கே நிறுத்துவது என்பது தெரியவில்லை.

மூலப்படத்தைத் தொடாமல் தனியே வைத்திருந்தது நல்லதாயிற்று. நண்பர்களே, இதை மட்டும் மறவாதீர்கள்: எந்தப் படத்தைத் திருத்தினாலும் மூலத்தைக் காத்து, நகலில் வேலை செய்யுங்கள். பலகை வாங்கிக் கை பழகிய பின், அப்படத்தை மீண்டும் எடுத்தேன். மடிப்புக்கோட்டின்மேல் மட்டும், பேனாவின் கனத்தால் மட்டும், புள்ளி புள்ளியாக வைத்தேன். தழும்பு வந்த இடத்தில் நிறுத்தினேன். அவ்வாறு ஒவ்வொரு தழும்பாகக் கடந்து செல்லும்போது எனக்கு ஒன்று விளங்கிற்று. ஊராரின் தழும்புகளையெல்லாம் பென்சிலால் நிரப்பி அழகு செய்த என் மாமாவின் கை, தன் தங்கையின் முகத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறது. ஏன் என்று கேட்க அவர் இன்று இல்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. புதிய படத்தை அக்கா கையில் வாங்கினார், ஒன்றும் சொல்லவில்லை. அப்படம் இன்று அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

என் அண்ணன் மகன், தன் மடிக்கணினிக்கு ஏற்ற சிறிய பலகை ஒன்றையே வாங்கினான். அவன் தாளில் எழுதியிருந்த பதினொன்றனுள் விலை குறைந்த மூன்றில் அது ஒன்று. மீதிப் பணத்தில், படங்களைச் சேமித்துக் காப்பதற்கு ஒரு வன்தட்டு வாங்கிக்கொண்டான்.

நீங்களும் கடைக்குச் செல்லும்போது எண்களைப் படியுங்கள். படித்துவிட்டு, பேனாவைக் கையில் எடுங்கள். உங்கள் திரை எவ்வளவு, மேசை எவ்வளவு, கை எவ்வளவு என்று கேளுங்கள். மெல்லத் தொட்டால் அறிகிறதா என்று பாருங்கள். அறியுமானால் அதுவே உங்கள் பலகை. எங்கே தொடுவது, எங்கே நிறுத்துவது என்பதை எந்தப் பலகையும் சொல்லித்தராது. அதை நீங்களே கற்றுக்கொள்ள வேண்டும். கற்பதற்கு உங்களுக்கு வயதும் இருக்கிறது, காலமும் இருக்கிறது.